ரிப்போர்ட் நார்மல் என்று திருப்பி அனுப்பினால்: தைராய்டு சந்தேகத்தை டாக்டரிடம் எடுத்துச் செல்லும் வழி

"களைப்பா இருக்கு, முடி கொட்டுது, உடம்பு கூடிப்போச்சு." தைராய்டு சந்தேகத்தோடு போகிற பலரும் டாக்டர் முன் உட்கார்ந்ததும் சொல்வது இந்த மூன்றையும்தான். அன்று காலையிலிருந்து அவரைப் பார்த்தவர்களில் பலர் இதையே சொல்லியிருப்பார்கள் என்பதுதான் சிக்கல். ரத்தசோகைக்காரர், தூக்கம் கெட்டவர், சர்க்கரை எட்டிப்பார்க்கிறவர், கைக்குழந்தையோடு அல்லாடுகிறவர், மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இருப்பவர் என எல்லாருக்கும் இந்த மூன்றும் உண்டு. அதனால்தான் "வயசாச்சுல்ல", "மனசுல எதையும் போட்டுக்காதீங்க", "வெயிட்டைக் குறைங்க, தானா சரியாயிடும்" என்ற பதில் அவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது.

அந்தப் பதில் பெண்களுக்கே அதிகம் கிடைக்கிறது. தைராய்டு கோளாறும் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். இந்தியாவின் எட்டு நகரங்களில் பெரியவர்களைப் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வில் கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு ஹைப்போ தைராய்டு, அதாவது ஹார்மோன் குறைவு, இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவரை தனக்கு அது இருப்பதே தெரியாது.

சண்டை போட்டோ கெஞ்சியோ டாக்டரை நம்பவைக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிஷ ஓ.பி.யில் அவர் தள்ளிவிட முடியாத தகவலைக் கையில் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நாள் வீட்டு வேலை இருக்கிறது.

போவதற்கு முன் எழுத வேண்டியவை

ஒரே ஒரு தாள் போதும். இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் நாடித்துடிப்பு. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், காபிக்கு முன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பு வரும். ஓய்வில் 60 முதல் 100 வரை பொதுவான அளவு. விளையாட்டு வீரராகவோ இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராகவோ இல்லாமல் தினமும் 60க்குக் கீழே நின்றால் எழுதிவையுங்கள். படுத்திருக்கும்போதே 95, 100 என்று ஓடினால் அது இன்னும் முக்கியம். ஹார்மோன் அதிகமாகிற ஹைப்பர் தைராய்டில் தூக்கத்தில்கூட நாடி இறங்காது. பதற்றத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் தூங்கும்போது அடங்கிவிடும்.

எடையை வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில். இதில் ஒரு எச்சரிக்கை. ஹைப்போவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோ. அதில் பெரும்பங்கு உப்பும் நீரும். "தைராய்டாலதான் பதினஞ்சு கிலோ ஏறிட்டேன்" என்று ஆரம்பித்தால் விஷயம் தெரிந்த டாக்டர் அந்த இடத்திலேயே காதை மூடிக்கொள்வார். "சாப்பாடு மாறலை, நாலு மாசத்துல நாலு கிலோ ஏறியிருக்கு, முகம் காலையில உப்பியிருக்கு" என்பது அவர் நிமிர்ந்து பார்க்கிற வாக்கியம்.

பிறகு, தைராய்டுக்கே கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும் அறிகுறிகள். வீட்டில் எல்லாரும் ஃபேன் போட்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறதா? மலச்சிக்கல் புதிதாக வந்ததா? குரல் கரகரத்துப் போனில் "யாருங்க பேசுறது" என்று கேட்கிறார்களா? மாதவிடாயில் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்றும் அளவு போக்கும் கட்டிகளும் உண்டா? விரல்கள் மரத்து இரவில் எழுப்புகின்றனவா? புருவத்தின் வெளி ஓரம் உதிர்ந்திருக்கிறதா? ஹைப்பர் பக்கம் என்றால் வேறு: நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, வெயில் தாங்காமை, அடிக்கடி மலம் போவது, கை நடுக்கம். கைகளை முன்னால் நீட்டி, விரல்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நடுக்கம் தாளில் தெரியும். உள்ளங்கை சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் ஹைப்பரை நினைக்கலாம். பயத்தில் வியர்க்கும் கை பெரும்பாலும் சில்லென்று இருக்கும்.

கழுத்தைக் கண்ணாடியில் பாருங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். குரல்வளைக்குக் கீழே, கழுத்தெலும்புக்கு மேலே, விழுங்கும்போது மேலேறி இறங்கும் வீக்கம் ஏதும் தெரிகிறதா? தெரிந்தால் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு போட்டோவும் இன்றைய போட்டோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முகத்தின் உப்பல் சொல்லாமலே புரியும். தினமும் பார்க்கிற வீட்டாருக்குத் தெரியாத மாற்றம் அதில் தெரியும்.

தாளின் அடியில் நான்கு வரி: அம்மா, அக்கா தங்கை, பாட்டி, அத்தை யாருக்காவது தைராய்டு உண்டா, உங்களுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய், வெண்குஷ்டம் எனப்படும் விட்டிலிகோ, முடக்குவாதம் உண்டா, கடைசிப் பிரசவம் எப்போது, அதில் ரத்தம் அதிகம் போனதா, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள். கடைசிக் கேள்வியில் ஆயுர்வேத லேகியம், ஜிம்மில் தந்த பவுடர், முடிக்கான மாத்திரை எல்லாம் அடங்கும். மனநலத்துக்கான லித்தியம், இதயத்துக்கான அமியோடரோன் இரண்டும் தைராய்டை நேரடியாகப் பாதிப்பவை. இவற்றில் ஒன்று பட்டியலில் இருந்தாலே டெஸ்ட் எழுதுவதற்கு அது போதுமான காரணம்.

அந்த ஐந்து நிமிஷம்

நோயின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். "எனக்குத் தைராய்டுன்னு நினைக்கிறேன், நெட்ல பார்த்தேன்" என்றால் பேச்சு நெட்டைப் பற்றித் திரும்பிவிடும். மாறியது என்ன, எப்போதிலிருந்து, அதனால் எந்த வேலை நின்றது என்ற மூன்றையும் முதல் மூச்சில் சொல்லுங்கள்:

"டாக்டர், ஆடி மாசத்துலேருந்து மாடிப்படி ஏற முடியலை, முன்னாடி ஏறுவேன். காலையில நாடி ஐம்பத்திநாலுதான் இருக்கு, பத்து நாளா எழுதி வெச்சிருக்கேன். அம்மாவுக்கும் தைராய்டு. டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ரெண்டும் பார்த்துடலாமா?"

டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனைகள், விளக்கம் பின்னால் வருகிறது. கடைசிக் கேள்வியின் அமைப்பு முக்கியம். "பார்க்கணுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பது ஒரு சொல்லில் முடியும். "பார்த்துடலாமா?" என்றால் மறுப்பவர் காரணம் சொல்லவேண்டி வரும்.

மறுத்தால் கோபப்படாமல் இரண்டு கேள்வி. முதலாவது: "தைராய்டு இல்லைன்னா இது எதனாலன்னு நினைக்கிறீங்க டாக்டர்?" இதற்கு நல்ல டாக்டரிடம் பதில் இருக்கும், "ஹீமோகுளோபின் பார்ப்போம்" என்பார், அது நியாயமான பதில். இரண்டாவது: "எத்தனை வாரத்துல சரியாகலைன்னா திரும்ப வரட்டும்?" பதிலை அவர் முன்னிலையிலேயே சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சொன்ன வாரத்தில் சரியாகாமல் திரும்பிப் போகும்போது, அதே புகாரோடு வந்தவராக இல்லாமல் அவர் சொன்னபடி வந்தவராகப் போகிறீர்கள்.

கூட ஒருவரை அழைத்துப் போவது உதவும். பல மருத்துவமனைகளில் கணவரோ அண்ணனோ வந்தால் டாக்டர் அவரைப் பார்த்தே பேச ஆரம்பித்துவிடுவார். எனவே வருகிறவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: "நான் பேசுவேன், நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க." மதியம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள், குரல் மாறிவிட்டது என்று பக்கத்திலிருப்பவர் சொல்கிற ஒரு வரிக்குத் தனி எடை உண்டு.

டெஸ்ட்டிலேயே நடக்கும் தவறுகள்

பாதிச் சிக்கல் லேபில்தான் ஆரம்பிக்கிறது. டி.எஸ்.எச். என்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு சோம்பினால் கட்டளை கூடும், தைராய்டு அதிகம் சுரந்தால் கட்டளை குறையும். லேப்களில் "தைராய்டு ப்ரொஃபைல்" என்று விற்கப்படும் தொகுப்பில் பெரும்பாலும் டோட்டல் டி3, டோட்டல் டி4, டி.எஸ்.எச். இருக்கும். டி3யும் டி4ம் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். டோட்டல் அளவு கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் தானாகவே ஏறிக் காட்டும். உண்மையில் வேலை செய்யும் ஹார்மோன் ஏறியிருக்காது. எனவே கேட்க வேண்டியது டி.எஸ்.எச். உடன், அந்த வேலை செய்யும் பங்கை மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4. ஹைப்பர் சந்தேகம் என்றால் ஃப்ரீ டி3யும். தொகுப்பாக வாங்காமல் தனித்தனியாகக் கேட்டாலும் லேபில் செய்து தருவார்கள்.

டி.எஸ்.எச். நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. பின்னிரவிலும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருந்து, மதியம் தாழ்ந்துவிடும். சாப்பிட்ட பிறகும் கொஞ்சம் இறங்கும். எல்லைக்கோட்டில் இருப்பவருக்குக் காலை ஏழு மணிக்கு 5க்கு மேல் காட்டுவது மதியம் இரண்டு மணிக்கு 4க்குள் அடங்கிவிடலாம். வெறும் வயிறு கட்டாயமில்லை என்று லேபில் சொல்வார்கள், அது சரிதான். ஆனாலும் எட்டு மணிக்குள், வெறும் வயிற்றில், ஒவ்வொரு முறையும் அதே லேபில் கொடுத்தால்தான் போன தடவையோடு ஒப்பிட முடியும்.

அடுத்தது பயோட்டின். முடி கொட்டுகிறது என்று மெடிக்கலில் வாங்கிச் சாப்பிடும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று அது இருக்கும். டப்பாவில் 5000 அல்லது 10000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். பல லேப் இயந்திரங்களின் ரசாயன முறை பயோட்டினையே பிடிகொக்கியாகப் பயன்படுத்துவதால், ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அதைக் குழப்பி டி.எஸ்.எச்.ஐக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். ஹைப்போ உள்ளவருக்கு "நார்மல்" வரும். நார்மலாக இருப்பவருக்கு ஹைப்பர் வரும். தைராய்டால் முடி கொட்ட, அதற்குச் சாப்பிட்ட மாத்திரை தைராய்டையே மறைத்துவிடுகிறது. டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதைவிட அதிக அளவு சாப்பிடுகிறவர் டாக்டரிடம் கேட்டு இன்னும் சில நாள் கூடுதலாக.

டெங்கு, நிமோனியா, பெரிய ஆபரேஷன் என்று படுத்து எழுந்த நேரத்தில் எடுத்த டெஸ்ட்டை நம்பி எந்த முடிவும் வேண்டாம். கடும் நோயில் இந்த அளவுகள் தாறுமாறாகும். தேறி ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் டி.எஸ்.எச். தாழ்ந்து காட்டும்.

எந்த நார்மல் உண்மையில் நார்மல்

லேபுக்கு லேப் சற்று மாறினாலும் பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். சுமார் 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கும்.

10க்கு மேல் இருந்தால் வாதமே தேவையில்லை. மறுபடி எடுத்து உறுதியானதும் சிகிச்சை. ஃப்ரீ டி4ம் தாழ்ந்திருந்தால் இன்னும் தெளிவு.

4.5க்கும் 10க்கும் நடுவில், ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், அங்குதான் இழுபறி. "இதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று ஒரு டாக்டரும், முதல் நாளே மாத்திரை எழுதும் இன்னொரு டாக்டரும் இருப்பது இந்த இடத்தில்தான். இரண்டுமே அவசரம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 பார்த்து, கூடவே ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கணிசமானவர்களுக்கு அதற்குள் அளவு தானாக இறங்கியிருக்கும். ஆன்டி டி.பி.ஓ. பாசிட்டிவ் என்றால் உடம்பே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ வகை. வருடங்கள் போகப்போக முழு ஹைப்போவாக மாற வாய்ப்பு அதிகம், வருடம் ஒருமுறையாவது கண்காணிக்க வேண்டும். அந்த எதிர்ப்பொருள் 300 இருந்ததா 900 இருந்ததா என்று திரும்பத் திரும்பக் காசு கொடுத்துப் பார்ப்பதில் பலனில்லை. கர்ப்பத்துக்கு முயல்பவர், அறிகுறிகள் தெளிவாக உள்ளவர், கழுத்தில் வீக்கம் உள்ளவர் என்றால் இந்த நடு அளவிலும் சில மாதம் சிகிச்சை கொடுத்துப் பார்ப்பது நியாயம். எழுபது வயதைத் தாண்டியவருக்கு 6, 7 என்பது அந்த வயதுக்கே இயல்பாக இருக்கலாம். அவரிடம் டாக்டர் "பொறுங்க" என்றால் அது அலட்சியம் ஆகாது.

0.1க்குக் கீழே இறங்கியிருந்தால் "நெர்வஸா இருக்கீங்க" என்ற பதிலை ஏற்காதீர்கள். காரணம் தேட வேண்டும்: ஃப்ரீ டி3, ஃப்ரீ டி4, உடம்பே தைராய்டைத் தூண்டி அதிகம் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கான டி.ஆர்.ஏ.பி. எதிர்ப்பொருள், தேவைப்பட்டால் தைராய்டின் வேலையைப் படமாகக் காட்டும் டெக்னீசியம் ஸ்கேன்.

டி.எஸ்.எச். மட்டும் பார்த்து அனுப்புவதால் தவறிப்போவது வேறொன்று. பிட்யூட்டரியே பழுதானால் கட்டளை கூடாது. டி.எஸ்.எச். பல நேரம் நார்மலாகவே நிற்கும், ஃப்ரீ டி4 மட்டும் தாழ்ந்திருக்கும். பிரசவத்தில் அதிக ரத்தம் போன பெண்களுக்கு வரும் ஷீஹான் நோய் இப்படிப்பட்டது. அடையாளங்கள்: குழந்தை பிறந்தும் பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்பவே இல்லை, அக்குள் முடி உதிர்ந்துவிட்டது, தலைசுற்றல், தாழ்ந்த ரத்த அழுத்தம், சோடியம் குறைவு. வருடக்கணக்கில் "பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு தேறவே இல்லை" என்றே வாழ்ந்துவிடுகிறார்கள். இந்தக் கதை உங்களுடையது என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய வரி: "பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சு, பால் வரலை. ஃப்ரீ டி4, காலை எட்டு மணி கார்ட்டிசால், ப்ரோலாக்டின் பார்த்துடலாமா?" ப்ரோலாக்டின் பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன், கார்ட்டிசால் அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன். இதில் கார்ட்டிசால் குறைவை முதலில் சரி செய்யாமல் தைராய்டு மாத்திரை கொடுத்தால் ஆபத்து. எனவே இதற்கு ஹார்மோன் நிபுணரே வேண்டும்.

அதிகம் தள்ளிவிடப்படுகிறவர்கள்

பிரசவம் ஆகி ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள் முதலிடம். முதல் சில மாதம் படபடப்பும் தூக்கமின்மையும் எரிச்சலும், பிறகு நான்காவது மாதத்துக்குப் பின் சோர்வும் மந்தமும் வந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சியாக இருக்கலாம். "கைக்குழந்தைன்னா அப்படித்தான்" என்று மாமியாரும் சொல்வார், டாக்டரும் சொல்வார். ஒரு டி.எஸ்.எச். பார்த்தால் தெரிந்துவிடும். பலருக்கு இது ஒரு வருடத்துக்குள் அடங்கிவிடும். சிலருக்கு ஹைப்போ நிலைத்துவிடும்.

காய்ச்சல், சளிக்குப் பிறகு கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலித்து, வலி காதுக்கும் தாடைக்கும் ஏறினால் ஆன்டிபயாட்டிக் இரண்டு கோர்ஸ், காதுக்குச் சொட்டுமருந்து என்று ஓடும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்ற ரத்த அளவு மிக உயர்ந்து டி.எஸ்.எச். தாழ்ந்திருந்தால் அது தைராய்டு அழற்சி. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது.

வயதானவர்களுக்கு ஹைப்பர் வந்தால் துள்ளல் இருக்காது. மெலிந்து, ஒடுங்கி, பேச்சுக் குறைந்து, நாடி தாறுமாறாக ஓடும். "வயசாச்சு" என்ற சொல்லுக்குள் அது ஒளிந்துகொள்ளும். புதிதாக இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியது என்று ஈ.சி.ஜி.யில் வந்தால் டி.எஸ்.எச். பார்த்தார்களா என்று கேளுங்கள். குழந்தைகளுக்கு எடையைவிட உயரமே துப்பு: பள்ளியில் வருடா வருடம் எடுத்த உயரக் கணக்கில் வளர்ச்சி திடீரென்று நின்றிருந்தால் அதைக் கொண்டுபோங்கள்.

கர்ப்பிணிகள் காத்திருக்கவே கூடாது. தைராய்டு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்குக் கர்ப்பம் உறுதியானால் மருந்தின் தேவை சுமார் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை கூடும். அடுத்த செக்கப் வரை இருக்காமல் அன்றே டாக்டரை அழைத்து அளவைக் கேளுங்கள். கர்ப்பத்துக்கான டி.எஸ்.எச். எல்லை வேறு, சாதாரண எல்லையை வைத்து "நார்மல்" என்றால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அடுத்த டாக்டர்

இரண்டு முறை போயும் காரணமும் சொல்லவில்லை, டெஸ்ட்டும் எழுதவில்லை என்றால் வேறொருவரைப் பார்ப்பதில் நன்றிகெட்டதனம் எதுவுமில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இரண்டாவது கருத்து பெறும் உரிமை இருக்கிறது. குடும்ப டாக்டரிடம் சொல்லிவிட்டே போகலாம்: "ஒரு தடவை ஸ்பெஷலிஸ்ட்ட காட்டிடுறேன் டாக்டர், லெட்டர் கொடுங்க." லெட்டரோடு போனால் மரியாதையே வேறு.

அடுத்த படி எம்.டி. ஜெனரல் மெடிசின் படித்த டாக்டர். பெரும்பாலான ஹைப்போவுக்கு அவரே போதும். ஹைப்பர், பிட்யூட்டரி, கர்ப்பம், குழந்தை என்றால் எண்டோகிரைனாலஜி, அதாவது ஹார்மோன் நோய்த் துறை. போர்டில் "தைராய்டு ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதியிருப்பதைவிடப் பெயருக்குப் பின்னால் டி.எம். அல்லது டி.என்.பி. எண்டோகிரைனாலஜி இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் கட்டி என்றால் முதலில் கழுத்து அல்ட்ராசவுண்ட். அதன் முடிவைப் பார்த்து ஊசியால் செல் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. தேவையா என்று சொல்வார்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் ஹார்மோன் நோய்களுக்குத் தனித் துறை உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு, அது அரசு மருத்துவமனை இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ ரெஃபரல் சீட்டு வாங்கிப் போனால் பெரிய மருத்துவமனையில் எந்த ஓ.பி.க்குப் போவது என்ற அலைச்சல் குறையும். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். லேபின் வாட்ஸப் பி.டி.எஃப்.ஐ மட்டும் நம்ப வேண்டாம், போன் போனால் ரிப்போர்ட்டும் போகும். அட்மிட் ஆகியிருந்த மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஷீஹான் சந்தேகம் உள்ளவருக்கு அந்தப் பழைய பிரசவ கேஸ் ஷீட்தான் உயிர்நாடி. மூன்று வருடத்துக்குமேல் அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற கட்டாயம் மருத்துவமனைக்கு இல்லை என்பதால் தாமதிக்காதீர்கள்.

தைராய்டு உண்மையிலேயே சரியாக இருந்தால்

ஒழுங்காக எடுத்த டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டும் சரி, ஷீஹான் கதையும் இல்லை என்றால் தைராய்டை விட்டுவிடுங்கள். களைப்பை விடாதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 12க்கு மேல் இருந்தும் இரும்புக் கையிருப்பான ஃபெரிடின் தாழ்ந்திருந்தால் களைப்பும் முடி உதிர்வும் வரும். அதோடு பி12, குறிப்பாகச் சைவர்களுக்கும் நாள்பட மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி., விட்டமின் டி, குறட்டையோடு மூச்சுத் திணறும் தூக்கம், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறான பி.சி.ஓ.எஸ்., மனச்சோர்வு என்று பட்டியல் நீளும். "டிப்ரெஷன்" என்று டாக்டர் சொன்னால் உங்களைப் பொய் சொல்கிறவர் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தைராய்டைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வந்தால் கேள்வி கேட்கலாம்.

மாத்திரை சாப்பிட்டும் தேறவில்லை என்றால்

இங்கே டாக்டரைக் குறை சொல்வதற்கு முன் காபி டம்ளரைப் பார்க்க வேண்டும். ஹைப்போவுக்குத் தரும் தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், காலை உணவுக்கும் காபி டீக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. மாத்திரையை விழுங்கிய கையோடு ஃபில்டர் காபி குடித்தால் மருந்தில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போகும். கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பிரசவத்துக்குப் பின் இவற்றைத் தைராக்சினோடு ஒன்றாகப் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். காலையில் முடியவே இல்லை என்றால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். ஏதோ ஒன்று, தினமும் ஒரே மாதிரி.

ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆவதால் அளவை மாற்றிய பிறகு ஆறு வாரம் போனால்தான் டி.எஸ்.எச். நிலைக்கு வரும். பத்தாம் நாள் டெஸ்ட் எடுத்து மறுபடி அளவை மாற்றுவது ஊசலாட்டத்தில்தான் முடியும். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். தைரோநார்ம், எல்ட்ராக்சின், தைராக்ஸ் என்று பிராண்ட் மாறினால் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட். பாட்டிலை ஜன்னலோரத்திலும் அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள்; வெயிலும் ஈரமும் இந்த மாத்திரையைக் கெடுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்து டி.எஸ்.எச்.சும் எல்லைக்குள் வந்து, ஆறு மாதம் ஆகியும் களைப்பு போகவில்லை என்றால் அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். அதிகமான தைராக்சின் இதயத்துடிப்பைக் குலைக்கும், எலும்பை அரிக்கும். முன்சொன்ன ஃபெரிடின், பி12 பட்டியலுக்குத் திரும்புங்கள்.

டாக்டர் கைவிட்ட எரிச்சலில் இருப்பவர்களைக் குறிவைத்தே ஒரு சந்தை இருக்கிறது: "தைராய்டை வேரோடு அறுக்கும் பொடி", கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு. தேவைக்கு மேல் அயோடின் தைராய்டை இரண்டு பக்கமும் கெடுக்கக்கூடியது. இன்னொரு பக்கம், இயற்கை என்று நினைத்து இந்துப்புக்கும் அயோடின் சேர்க்காத கல் உப்புக்கும் மாறி அயோடினைக் குறைத்துக்கொள்வதும் தவறு, கர்ப்பிணி உள்ள வீட்டில் குறிப்பாக. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று பார்த்து வாங்கினால் போதும். தைராய்டைக் கெடுக்கும் என்று சொல்கிறார்களே என்று சமைத்த முட்டைக்கோஸைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கழுத்துக் கட்டி சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால், குரல் மாறி அப்படியே நின்றால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை இருக்காதீர்கள். ஹைப்பருக்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். அந்த மருந்து அரிதாக வெள்ளணுக்களை முற்றிலும் குறைத்துவிடும். ஹைப்பர் உள்ளவருக்குக் கடும் காய்ச்சல், வாந்தி, நாடி 140க்கு மேல், பிதற்றல் என்றாலும், ஹைப்போ உள்ளவர் உடம்பு சில்லிட்டு எழுப்ப முடியாத மயக்கத்தில் இருந்தாலும் 108. ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை பாட்டிலையும் கடைசி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் முதலில் பார்க்கும் டாக்டரிடம் "இவங்களுக்குத் தைராய்டு இருக்கு" என்று உடனே சொல்லுங்கள்.